சத்தம்தான் பாதி ஆட்டம்: மல்யுத்தக் காட்சியை அரங்கில் போய்ப் பார்ப்பது

டபிள்யூ.டபிள்யூ.இ. என்ற அமெரிக்க மல்யுத்தக் கம்பெனியின் ஆண்டுப் பெருவிழா ரெஸில்மேனியா. 2020 ஏப்ரல் 4, 5 தேதிகளில் ஒளிபரப்பான ரெஸில்மேனியா 36-ஐப் பார்த்தவர்கள் அந்த அமைதியை மறந்திருக்க மாட்டார்கள். வழக்கமாகப் பெரிய கால்பந்து மைதானத்தில், பல்லாயிரம் பேர் முன்னால் நடக்கும் நிகழ்ச்சி அது. கொரோனா வந்ததால் ஆர்லாண்டோவில் உள்ள டபிள்யூ.டபிள்யூ.இ. பயிற்சிக் கூடத்தில், ஒரு பார்வையாளர்கூட இல்லாமல் படம்பிடித்தார்கள். வீரர்கள் அதே ஆட்கள்தான். அடி, உதை, தூக்கிப் போடுவது எதிலும் குறை வைக்கவில்லை. ட்ரூ மெக்கின்டயர் ப்ராக் லெஸ்னரைத் தோற்கடித்து முதல்முறையாக டபிள்யூ.டபிள்யூ.இ. சாம்பியன் ஆனார். பல வருடம் காத்திருந்து கிடைத்த வெற்றி. அதைக் கொண்டாட எதிரில் ஆளே இல்லாமல், அவர் கேமராவைப் பார்த்துக் கையை நீட்டினார். வீட்டில் உட்கார்ந்து பார்த்த எனக்கு அதுவரை வராத வருத்தம் அப்போது வந்தது.

"முடிவை முன்னாடியே எழுதி வைத்துவிடுகிறார்கள், இதைக் காசு கொடுத்துப் பார்க்க ஏன் போகிறீர்கள்?" என்று கேட்பவர்களுக்கு அந்த ஆட்டத்தைத்தான் காட்ட வேண்டும். யார் ஜெயிப்பது என்பது எழுதி வைத்ததுதான். இதில் ரகசியம் எதுவும் இல்லை. 1989-லேயே அந்த நிறுவனம் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில சட்டமன்றத்தின் முன் "இது கேளிக்கை நிகழ்ச்சி" என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடுகளில் இருந்து விலக்கு வாங்குவதற்காக அப்படிச் சொன்னார்கள். ஆனால் அந்த முடிவுக்கு எந்த வழியாகப் போய்ச் சேர்வது என்பதை அரங்கில் இருக்கும் ஆட்களின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் வீரர்கள் தீர்மானிக்கிறார்கள். அந்தச் சத்தத்தில் உங்கள் குரலும் ஒன்று. அரங்குக்குப் போவதன் பொருள் அதுதான்.

ஆட்டம் எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்தால் இது விளங்கும். பெரும்பாலான ஆட்டங்களுக்கு ஒரு பழைய வடிவம் உண்டு. நல்லவர் முதலில் கொஞ்சம் கை ஓங்கி ஆடுவார். கெட்டவர் ஏதாவது ஒரு கள்ளத்தனம் செய்வார். ரெஃப்ரி திரும்பி நிற்கும் நேரம் பார்த்துக் கண்ணில் விரலை விடுவார், தலைமுடியைப் பிடித்து இழுப்பார். அதற்கப்புறம் நல்லவர் அடி வாங்கும் நீண்ட கட்டம். பிறகு அவர் எழுவார், கடைசியில் முடிவு. அந்தக் கடைசிப் பகுதியையும் நடுவில் இரண்டு மூன்று பெரிய அசைவுகளையும் பேசி வைத்திருப்பார்கள். மீதியை ரிங்கில் நின்றபடியே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு ஆடத் தெரிந்தவர்கள்தான் இந்தத் தொழிலில் கெட்டிக்காரர்கள். பட்டிமன்றத்தில் கை தேர்ந்த பேச்சாளர், கைதட்டல் எழும்பும்போது அடுத்த வரியை நிறுத்தி வைத்து, அது தணியத் தொடங்கும் நொடியில் எடுத்து விடுவாரே, அந்தக் காது இவர்களுக்கும் வேண்டும்.

டிவியில் பார்க்கும்போது "சும்மா ஓய்வெடுக்கிறார்கள்" என்று தோன்றும் ஒரு பிடியை அரங்கில் கவனித்துப் பாருங்கள். கெட்டவர் பின்னாலிருந்து நல்லவரின் தாடைக்குக் கீழே கையைக் கொடுத்து இறுக்குகிறார். இருவரும் தரையில். கெட்டவரின் முகம் எதிராளியின் தலைக்குப் பின்னால் புதைந்திருக்கிறது. உண்மையில் அப்போதுதான் பேச்சு நடக்கிறது: அடுத்து என்ன, எந்தப் பக்கம் ஓட வேண்டும், எவ்வளவு நேரம் பாக்கி. ரெஃப்ரியும் குனிந்து ஏதோ கேட்கிற மாதிரி இருக்கும். அவர் காதில் சின்னக் கருவி உண்டு. உள்ளே இருக்கும் தயாரிப்புக் குழு சொல்லும் நேரக் கணக்கை அவர்தான் வீரர்களிடம் சேர்ப்பார். இதற்கிடையே எங்கோ ஒரு மூலையில் ஒரு குழந்தை கைதட்ட ஆரம்பிக்கும். பத்துப் பேர் சேர்வார்கள். நல்லவரின் வலது கால் மெல்லத் தரையைத் தட்டும். கைதட்டல் அந்தத் தாளத்துக்கு மாறும். நினைவு இருக்கிறதா என்று பார்க்க ரெஃப்ரி அவர் கையைத் தூக்கி விடுவார், துவண்டு விழும். இரண்டாவது தடவையும் விழும். மூன்றாவது தடவை விழாமல் அந்தரத்தில் நிற்கும், விரல்கள் நடுங்கும். அரங்கம் மொத்தமும் எழுந்து நிற்கும். சத்தம் போதவில்லை என்றால் அவர் எழ மாட்டார், இன்னும் கொஞ்சம் அடி வாங்குவார். சத்தம் சீக்கிரமே வந்துவிட்டால் சீக்கிரமே எழுவார். ஆயிரம் தடவை பார்த்த காட்சிதான், இருந்தாலும் நேரில் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

அடி உண்மையா பொய்யா என்ற கேள்விக்கும் முன்வரிசைகளில் பதில் கிடைத்துவிடும். டபிள்யூ.டபிள்யூ.இ. ரிங் ஒரு பக்கம் 20 அடி. இரும்புச் சட்டங்கள், அதன் மேல் பலகைகள், மெல்லிய ஃபோம், மேலே கேன்வாஸ். அவ்வளவுதான் மெத்தை. நூறு கிலோ ஆள் முதுகு பட விழும்போது பலகை அதிரும் சத்தம் டிவியில் கேட்பதைவிட வேறு மாதிரி, கனமாக இருக்கும். மார்பில் திறந்த கையால் அறையும் 'சாப்' எந்தத் தந்திரமும் இல்லாத அடி. இரண்டு நிமிடத்தில் தோல் சிவந்து விரல் தடம் தெரியும். ஒவ்வொரு அறைக்கும் கூட்டம் "ஊ..." என்று ஒரே குரலில் கத்துவது பழைய வீரர் ரிக் ஃப்ளேர் விட்டுப் போன பழக்கம். எதிராளிக்குக் காயம் வராமல் விழ வைப்பதும், தன் உடம்பில் வலியை வாங்கிக்கொள்வதும் சேர்ந்ததுதான் இந்த வேலை. அதைப் 'பொய்' என்ற ஒற்றைச் சொல்லில் தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

கூட்டம் எவ்வளவு தூரம் ஆட்டத்தைத் திருப்பும் என்பதற்கு இரண்டு இரவுகளைச் சொல்லலாம்.

முதலாவது 2002 மார்ச் 17, டொராண்டோ ஸ்கைடோம். ரெஸில்மேனியாவில் 'ராக்' என்ற வீரருக்கும் ஹல்க் ஹோகனுக்கும் ஆட்டம். அறிவிக்கப்பட்ட கூட்டம் 68,237. கதைப்படி ஹோகன் வில்லன். அதற்கு முந்தைய வாரங்களில் அவர் செய்த அட்டூழியங்களில் ராக் உட்கார்ந்திருந்த ஆம்புலன்ஸ் மீது லாரியை மோதியதும் உண்டு. ஆனால் டொராண்டோ மக்கள் தங்கள் சிறுவயது நாயகனைப் பார்த்த மகிழ்ச்சியில் ஹோகனுக்கு ஆர்ப்பரித்து, ராக்கைக் கூச்சலிட்டு விரட்டினார்கள். இருவரும் ஓரிரு நிமிடங்களுக்குள் அதைப் புரிந்துகொண்டு ஆட்டத்தையே தலைகீழாக மாற்றினார்கள். ராக் கொஞ்சம் முரடனாகவும், ஹோகன் பழைய வீரநாயகனாகவும் ஆடினார்கள். யார் ஜெயிப்பது என்பது மாறவில்லை, ராக்தான் ஜெயித்தார். ஆனால் அன்றிரவோடு ஹோகனின் வில்லன் வேஷம் முடிந்தது.

இரண்டாவது 2006 ஜூன் 11, நியூயார்க்கின் ஹாமர்ஸ்டீன் பால்ரூம். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான், ஆனால் அத்தனை பேரும் இ.சி.டபிள்யூ. என்ற பழைய கலகக்காரக் கம்பெனியின் ரசிகர்கள். சாம்பியன் ஜான் சீனாவை, அவர் சிறுவர்களுக்கான நாயகன் என்பதாலேயே வெறுத்தவர்கள். எதிரே அவர்களுடைய ஆள் ராப் வான் டாம். "சீனா ஜெயித்தால் கலவரம் செய்வோம்" என்று ஒரு பதாகை. ஆட்டத்துக்கு முன் சீனா வழக்கம்போலத் தன் டிஷர்ட்டைக் கழற்றிக் கூட்டத்துக்குள் வீசினார். எந்த ஊரிலும் அதைப் பிடிக்க அடிதடி நடக்கும். இங்கே அது திரும்பி வந்து ரிங்கில் விழுந்தது. மறுபடி வீசினார், மறுபடி வந்தது. அவர் பக்கம் மாற்றி மாற்றி வீச, எல்லாப் பக்கமிருந்தும் அது திரும்பிக்கொண்டே இருந்தது. முன்கூட்டி யாரும் எழுதியிருக்க முடியாத காட்சி. சீனா முகம் சுளிக்காமல், அந்த வெறுப்பையே ஆட்டத்தின் எரிபொருளாக மாற்றிக்கொண்டார். அவரைப் பிடிக்காதவர்களும் அவர் தொழில் தெரிந்தவர் என்று ஒப்புக்கொள்ள வேண்டிய இரவு அது. கடைசியில் எட்ஜ் என்ற இன்னொரு வீரர் குறுக்கே வந்து உதவ, வான் டாம் ஜெயித்தார்.

சில சமயம் கூட்டம் ஒரு இரவோடு நிற்பதில்லை. 2014 ஜனவரி 26 அன்று பிட்ஸ்பர்கில், முப்பது பேர் ஒருவர்பின் ஒருவராக உள்ளே வந்து ஆடும் ராயல் ரம்பிள் போட்டியின் முப்பதாவது ஆளாக, ரசிகர்கள் விரும்பிய டேனியல் பிரையன் வருவார் என்று எல்லோரும் நம்பினார்கள். வந்தது ரே மிஸ்டீரியோ. பொதுவாக எல்லோருக்கும் பிடித்த அவரையே அரங்கம் கூச்சலிட்டது. கடைசியில் ஜெயித்த பாட்டிஸ்டாவையும் விடவில்லை. அடுத்து வந்த வாரங்களிலும் கூச்சல் ஓயாமல் போக, ஏப்ரல் 6 அன்று நியூ ஆர்லியன்ஸ் ரெஸில்மேனியாவில் பிரையனே பட்டத்தோடு நின்றார். 2024 பிப்ரவரியிலும் இதேதான். சாம்பியன் ரோமன் ரெய்ன்ஸை எதிர்க்கும் வாய்ப்பிலிருந்து கோடி ரோட்ஸ் என்ற வீரர் ஒதுங்கிக்கொண்டு ராக்குக்கு வழி விடுவதாகக் காட்டியதும் ரசிகர்கள் கொதித்தார்கள். ஒரு வாரத்துக்குள் திட்டம் மாறியது. ஏப்ரல் 7 அன்று பிலடெல்பியாவில் ரோமன் ரெய்ன்ஸின் 1,316 நாள் சாம்பியன் ஆட்சியை கோடி ரோட்ஸ் முடித்து வைத்தார். அரங்கில் நீங்கள் எழுப்பும் குரலை உள்ளே இருப்பவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

கேமரா இல்லாத காட்சிகளை அங்கே 'ஹவுஸ் ஷோ' என்பார்கள். இவற்றில் கதை நகராது, பட்டம் கைமாறுவது மிக அபூர்வம். ஆனால் அந்த அபூர்வம் நடந்தால் அரங்கில் இருந்தவர்களுக்கு மட்டுமே அது சொந்தம். 1994 நவம்பர் 26 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் டீசல், பாப் பேக்லண்டை 8 நொடியில் வீழ்த்திச் சாம்பியன் ஆனது அப்படித்தான். அதே அரங்கில் 1996 மே 19 அன்று நடந்தது இன்னும் பெரியது. டீசலும் ரேஸர் ரமோனும் போட்டிக் கம்பெனிக்குப் போகும் முன் ஆடிய கடைசிக் காட்சி. கூண்டுக்குள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்ட ஷான் மைக்கேல்ஸும் டீசலும், அன்று மாலை எதிரெதிராக ஆடிய ரேஸர் ரமோனும் ட்ரிபிள் ஹெச்சும், ரிங் நடுவில் நால்வராகக் கட்டிப்பிடித்து, கூட்டத்தைப் பார்த்துக் கை உயர்த்தினார்கள். நல்லவரும் கெட்டவரும் வெளியில் நண்பர்கள் என்பதைக் காட்டவே கூடாது என்று கட்டிக் காத்த காலம் அது. டிவி கேமரா இல்லை. ஆனால் ஒரு ரசிகர் ஒளித்துக் கொண்டுவந்த வீடியோ கேமராவில் அது பதிவானது. அந்தப் பதிவால்தான் இன்று நாம் அதைப் பார்க்க முடிகிறது.

இதற்கு நேர்மாறாக, அரங்கில் இருந்தவர்களுக்கு மட்டும் தெரியாமல் போன இரவும் உண்டு. 1999 மே 23, கன்சாஸ் சிட்டி. கூரையிலிருந்து கயிற்றில் இறங்க வேண்டிய ஓவன் ஹார்ட், பூட்டு விடுபட்டு ரிங்கில் விழுந்து இறந்தார். வீட்டில் பார்த்தவர்களுக்கு வர்ணனையாளர் ஜிம் ராஸ் அந்தச் செய்தியைச் சொன்னார். அரங்கில் எந்த அறிவிப்பும் இல்லை. இதுவும் காட்சியின் பகுதிதான் என்று நினைத்து உட்கார்ந்திருந்தவர்கள் ஏராளம். காட்சியைத் தொடர்ந்து நடத்தினார்கள். அது பெரும் தவறு என்றே நான் நினைக்கிறேன். கூட்டத்தை நம்பி நடக்கும் ஒரு கலை அந்தக் கூட்டத்திடம் உண்மையை மறைத்த இரவு அது. இன்று யாருக்காவது நிஜமாக அடிபட்டால் ரெஃப்ரி இரு கைகளையும் தலைக்கு மேல் பெருக்கல் குறி போல வைப்பார். பழகிய ரசிகர்கள் அதைப் பார்த்ததும் கோஷத்தை நிறுத்திவிடுவார்கள். அரங்குக்குப் புதிதாகப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சைகை இது.

ஒவ்வொரு நாட்டுக் கூட்டமும் ஒரு மாதிரி. டோக்கியோவின் கொராகுவென் ஹால் 1962-ல் திறந்தது. ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடியில், இரண்டாயிரத்துக்கும் குறைவான இருக்கைகளோடு இருக்கும் சின்ன அரங்கு. ஜப்பானிய மல்யுத்தத்தின் தினசரி வாழ்க்கை அங்கேதான். வீரரின் பெயரை அறிவித்ததும் நாலாபக்கமிருந்தும் வண்ணக் காகிதச் சுருள்கள் பறந்து வந்து விழும். யாருக்கும் அடிபடாதபடி நடுவில் இருக்கும் அட்டையை முன்பே உருவிவிடுவார்கள். பயிற்சி இளைஞர்கள் பாய்ந்து வந்து நொடியில் அள்ளிக்கொண்டு போவார்கள். ஆட்டத்தின் தொடக்கத்தில் அமைதியாகக் கவனித்துக்கொண்டிருக்கும் கூட்டம், சூடு பிடித்ததும் காலால் தரையைத் தட்ட ஆரம்பிக்கும். கொரோனா காலத்தில் அங்கே ரசிகர்களை 2020 ஜூலையிலேயே உள்ளே விட்டார்கள், ஆனால் வாய் திறக்கக் கூடாது, கை மட்டும் தட்டலாம். நியூ ஜப்பான் கம்பெனியின் காட்சிகளில் 2022 வரை நீடித்த அந்தக் கட்டுப்பாட்டை ரசிகர்கள் கடைப்பிடித்த ஒழுங்கு பிரமிப்பானது. வீரர்களும் கைதட்டலின் வேகத்தை மட்டும் வைத்து ஆட்டத்தை ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் ரிங்கைச் சுற்றி எல்.இ.டி. திரைகள் வைத்து, வீட்டிலிருந்து இணைந்த ரசிகர்களின் முகங்களைக் காட்டி, பதிவு செய்த சத்தத்தை ஓடவிட்டார்கள். என்னைக் கேட்டால் ஜப்பானியக் கைதட்டலே உயர்ந்தது. அது உயிருள்ள சத்தம்.

மெக்சிகோ நகரின் அரேனா மெக்சிகோ வேறு உலகம். 1956-ல் கட்டியது, வெள்ளி இரவுக் காட்சிக்குப் பேர்போனது. வாசலிலேயே முகமூடிக் கடைகள். பாட்டிகள் கெட்டவர்களைத் திட்டுவார்கள், பேரன்கள் முகமூடி போட்டுக்கொண்டு குதிப்பார்கள். ஆட்டம் நெஞ்சைத் தொட்டுவிட்டால் ரசிகர்கள் ரிங்குக்குள் காசு வீசுவார்கள். அங்கே அது பெரிய மரியாதை.

நம் பக்கம் வருவோம். தமிழ் வீடுகளில் கிங்காங், தாராசிங் என்ற மல்லர்களின் பெயர்கள் இரண்டு தலைமுறைக்கு முன்பே புழங்கியவை. கிங்காங் என்று மேடையில் அறியப்பட்ட எமில் சாயா ஹங்கேரியில் பிறந்து சிங்கப்பூரில் குடியேறியவர். அங்குள்ள கேளிக்கைப் பூங்காக்களில் நடந்த குஸ்திகளுக்குப் பெருங்கூட்டம் திரண்டது. எங்கள் தலைமுறைக்கு டபிள்யூ.டபிள்யூ.எஃப். (டபிள்யூ.டபிள்யூ.இ.யின் பழைய பெயர்) வீரர்கள் படம் போட்ட கார்டு. உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ் எல்லாம் மனப்பாடமாகத் தெரியும், ஆனால் ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. அதனால்தான் 2023 செப்டம்பர் 8 அன்று ஹைதராபாத் கச்சிபௌலி உள்ளரங்கில் ஜான் சீனா இந்தியாவில் தன் முதல் ஆட்டத்தை ஆடியது இங்கே அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது. சேத் ராலின்ஸோடு ஜோடி சேர்ந்து ஆடினார். 2017 டிசம்பரில் டெல்லியில் நடந்த காட்சிக்குப் பிறகு இந்தியாவுக்கு வாய்த்த முதல் காட்சி அது. ஆறு வருட இடைவெளி மிக அதிகம். டிவியில் இவ்வளவு பேர் பார்க்கும் நாட்டுக்கு இதைவிட அடிக்கடி வர வேண்டும், சென்னைக்கும் ஒரு நாள் வர வேண்டும்.

அப்படி வந்தாலோ, வெளிநாட்டில் இருக்கும்போது வாய்ப்புக் கிடைத்தாலோ, சில விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தரைமட்ட நாற்காலிகள் விலை அதிகம், ஆனால் முதல் சில வரிசைகளைத் தாண்டினால் முன்னால் இருப்பவர் எழுந்து நின்றதும் ஒன்றும் தெரியாது. சரிவாக உயரும் கீழ்த்தட்டு இருக்கைகளே பார்க்க நல்லவை. டிவி பதிவு என்றால் முக்கியக் கேமரா ஒரே பக்கத்தில் நிலையாக இருக்கும். மைக் பிடித்துப் பேசுபவர்கள் அந்தப் பக்கம் பார்த்துத்தான் பேசுவார்கள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் பாதி நேரம் முதுகைப் பார்க்க வேண்டியிருக்கும், ஆனால் நீங்கள் டிவியில் தெரிவீர்கள். வர்ணனை கேட்காது. விளம்பர இடைவேளையிலும் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும், அப்போது வேகம் குறையும். அதைப் பார்த்துச் சலித்துக்கொள்ளாதீர்கள்.

கத்துங்கள். கெட்டவரைத் தாராளமாகக் கூச்சலிடுங்கள், அவர் அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார். ஒருவர் எதிராளியின் தோள்களைத் தரையில் அழுத்தி வைத்ததும் ரெஃப்ரி மூன்று வரை எண்ணுவார், அவரோடு சேர்ந்து எண்ணுங்கள், மூன்றுக்கு முன் தோள் எழும்பினால் "டூ!" என்று அலறுங்கள். ஆனால் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கூட்டம் தன்னையே ரசிக்க ஆரம்பிப்பது எனக்குப் பிடிக்காது. 2017 ஆகஸ்ட் 20, ப்ரூக்ளினில் நடந்த சம்மர்ஸ்லாம் காட்சியில் சிலர் காற்றடித்த பந்தை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நடுவே ஆட்டம் ஆடிக்கொண்டிருந்த செசாரோ கூட்டத்துக்குள் ஓடிப்போய் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். நான் முழுக்க செசாரோ கட்சி. தடுப்பைத் தாண்டுவது அதைவிட மோசம். 2021 நவம்பரில் அதே ப்ரூக்ளின் அரங்கில் ஒரு ஆள் பாய்ந்து சேத் ராலின்ஸைத் தரையில் தள்ளினார். காவல்துறை அவரைக் கைது செய்தது.

கடைசியாக ஒன்று. முக்கிய ஆட்டம் முடிந்த கையோடு வண்டி எடுக்க ஓடாதீர்கள். டிவி நிகழ்ச்சியாக இருந்தால் ஒளிபரப்பு நின்ற பிறகு அரங்கில் இருப்பவர்களுக்காக மட்டும் இன்னொரு ஆட்டமோ, ஒரு நன்றிப் பேச்சோ நடப்பது உண்டு. மற்றக் காட்சிகளில் வீரர்கள் வேஷத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்வதும் அப்போதுதான். 2017 டெல்லி காட்சியில் ஜிந்தர் மஹாலைத் தோற்கடித்த ட்ரிபிள் ஹெச், ஆட்டம் முடிந்த பிறகு அதே ஜிந்தரோடு சேர்ந்து ரிங்கில் பாங்ரா ஆடினார். சீக்கிரம் கிளம்பியவர்கள் அதைத் தவறவிட்டிருப்பார்கள்.